கூடிச் சேர்ந்தவர்கள்: நானா அஸ்மாவுவும் பெண்களின் கூட்டுக் கற்றலும்

இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் நைஜீரியாவிலும் இஸ்லாமிய மார்க்கக் கல்வி வகுப்புகளைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு குறை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆசிரியர் பேசுகிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள். மனனம் செய்கிறார்கள், ஒப்பிக்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். வகுப்பில் உயிர் இல்லை. இதற்கு மருந்தாக அவை முன்வைப்பது ‘கூட்டுக் கற்றல்’. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரி. ஒவ்வொருவருக்கும் பாடத்தின் ஒரு துண்டைக் கொடு. அவரவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். இந்த முறைக்கு ‘ஜிக்சா’ என்ற பெயரும் உண்டு. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் முதன்முதலாக ஒரே வகுப்பில் உட்கார நேர்ந்து பகை மூண்டபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் தம் மாணவர்களோடு சேர்ந்து அதை உருவாக்கினார்.

ஆரன்சனின் பங்களிப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. என் கேள்வி வேறு. மார்க்கக் கல்வி என்றாலே தலைகுனிந்து மனனம் செய்யும் வகுப்பறைதான், அதற்கு உயிர் கொடுக்க வெளியிலிருந்து ஒரு நவீன உத்தி வரவேண்டும் என்ற எண்ணம் எப்படி உருவானது? அந்தக் கல்வியின் வரலாற்றில் பெண்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யாரோடு சேர்ந்து கற்றார்கள், யாருக்குக் கற்பித்தார்கள் என்று கேட்காமல் விட்டதால்தான் என்று நினைக்கிறேன். ஆண்களின் மதரசாவை மட்டும் பார்த்து எழுதப்பட்ட கல்வி வரலாறு, பாதி வரலாறுதான்.

மறு பாதியிலிருந்து ஒரு பெண்ணைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் கவிஞர், ஆசிரியர், நான்கு மொழி அறிந்தவர். இன்றைய வடமேற்கு நைஜீரியாவில் வாழ்ந்தவர். பெயர் நானா அஸ்மாவு. 1793இல் பிறந்து 1864இல் இறந்தார்.

தாயிடம் தொடங்கிய பாடம்

அஸ்மாவுவின் தந்தை உஸ்மான் தன் ஃபோதியோ. மக்கள் அவரை ‘ஷேகு’ என்று அழைத்தார்கள். ஃபுலானி இனத்தைச் சேர்ந்த அறிஞர், காதிரிய்யா சூஃபி வழியில் நின்றவர். அவருடைய முதல் ஆசிரியர்களில் அவருடைய தாய் ஹவ்வாவும் பாட்டி ருகையாவும் உண்டு. அந்தக் குடும்பத்தில் பெண்கள் படிப்பது அதிசயமாக இருக்கவில்லை. அஸ்மாவுவின் அக்கா கதீஜா, மாலிக்கி சட்டநூலான ‘முக்தஸர்’ஐ அரபியிலிருந்து ஃபுல்ஃபுல்டே மொழிக்குக் கொண்டுவந்தவர்.

வீட்டுக்கு வெளியே நிலைமை அப்படி இல்லை. இரவும் பகலும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, தங்கள் மனைவியரையும் மகள்களையும் அறியாமையில் விட்டுவைக்கும் அறிஞர்களை ஷேகு தம் எழுத்தில் கடுமையாகச் சாடினார். உபயோகித்துத் தேய்ந்ததும் தூக்கி எறியும் பாத்திரத்தைப் போலப் பெண்களை நடத்துகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் ஊர் ஊராகச் சென்று உபதேசம் செய்தபோது பெண்களும் வந்து கேட்டார்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் இருப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. பெண்ணை அறியாமையில் விடுவது அதைவிடப் பெரிய தீமை என்ற பதில் அவர் தரப்பிலிருந்து வந்தது.

இந்த வாதத்துக்கு மார்க்கத்துக்குள்ளேயே முன்னுதாரணம் இருந்தது. ஆண்கள் உங்கள் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று மதீனாவின் பெண்கள் நபிகள் நாயகத்திடம் கேட்டதாகவும், அவர் அப்படியே ஒரு நாளை ஒதுக்கியதாகவும் புகாரி ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. இதில் பெண்கள் தனித்தனியாக வந்து சலுகை கேட்கவில்லை. கூட்டாக வந்து, தங்களுக்கான கற்கும் நேரத்தை உரிமையாகக் கேட்டார்கள்.

அஸ்மாவு இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். ஹசன் என்ற ஆண் குழந்தையோடு பிறந்தவர். ஹவுசா நாட்டு வழக்கப்படி இரட்டையருக்கு இணைப்பெயர் இடுவார்கள். தந்தை அந்த வழக்கத்தை விட்டு ‘அஸ்மா’ என்று பெயரிட்டார். அபூபக்கரின் மகள் அஸ்மாவை நினைவூட்டும் பெயர் அது. மக்கா எதிரிகளுக்கு அஞ்சி நபிகளும் அபூபக்கரும் குகையில் மறைந்திருந்தபோது உணவு கொண்டுபோனவர் அந்த அஸ்மா. ‘நானா’ என்பது மரியாதைச் சொல்.

1804இல், அஸ்மாவுவுக்கு ஏறக்குறைய 11 வயதாக இருந்தபோது, கோபிர் அரசோடு மோதல் முற்றி ஷேகுவின் சமூகம் தெகெல் கிராமத்தை விட்டு வெளியேறியது. நான்கு ஆண்டுப் போர். 1808இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா வீழ்ந்தது. அதிலிருந்து சொகோட்டோ கிலாஃபத் என்ற பெரிய அரசு உருவானது. அண்ணன் முகமது பெல்லோ, தந்தைக்குப் பின் அதன் தலைவரானார். அஸ்மாவுவை மணந்த கிடாடோ, அந்த அரசின் வஜீர், அதாவது தலைமை அமைச்சர்.

வென்ற அரசுக்கு ஒரு சிக்கல் இருந்தது. திருக்குர்ஆனை நெஞ்சில் வைத்திருந்த பலர் போர்க்களத்தில் மாண்டுபோனார்கள். இன்னொரு பக்கம், புதிதாக அரசுக்குள் வந்த ஹவுசா கிராமங்களில் ஏராளமான பெண்கள். வேறு நம்பிக்கை, வேறு மொழி, வேறு வாழ்க்கை. பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆண்களுக்குச் சொல்லப்படும் எதுவும் அவர்கள் காதுக்குப் போய்ச் சேராது. வளமான குடும்பங்களில் பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. இந்தப் பெண்களிடம் கல்வியை எப்படிக் கொண்டுபோவது?

தொப்பியும் சிவப்புத் துணியும்

அஸ்மாவு உருவாக்கிய அமைப்பின் பெயர் ‘யன் தாரு’. ஹவுசா மொழியில் ‘கூடிச் சேர்ந்தவர்கள்’ என்று பொருள். 1830கள் முதல் அது உருப்பெற்றது.

கிராமந்தோறும் நம்பத்தக்க, வயதில் மூத்த ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு ‘ஜாஜி’ என்று பட்டம். பயணக் கூட்டத்தை வழிநடத்திச் செல்பவரைக் குறிக்கும் சொல் அது. ஜாஜி தம் ஊரின் பெண்களைத் திரட்டிக்கொண்டு சொகோட்டோவில் அஸ்மாவுவின் வீட்டுக்கு நடந்தே போவார். கூட்டத்தில் இரண்டு வகையினர் இருந்தார்கள்: பிள்ளைபெறும் வயதைக் கடந்த பெண்கள், இன்னும் மணமாகாத சிறுமிகள். நடுவயதுப் பெண்கள் வீட்டோடு இருந்தார்கள். போகும் வழியெல்லாம் பாட்டு. கையில் தானியம், தேன், வெண்ணெய், துணி என்று காணிக்கை. அங்கே வந்து சேர்ந்த பொருட்களை அஸ்மாவு ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பகிர்ந்தளித்தார்.

அஸ்மாவு அவர்களுக்குப் பாடல்களைக் கற்பித்தார். ஐயங்களைக் கேட்டுப் பதில் சொன்னார். பெண்கள் பாடலை மனனம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். அங்கே ஜாஜியும் அவரோடு போனவர்களும், வெளியே வர இயலாத பெண்களின் வீடுகளுக்குச் சென்று அதே பாடலைக் கற்றுக்கொடுத்து விளக்கினார்கள். அடுத்த பயணத்தில் அந்த வீடுகளில் எழுந்த கேள்விகளை அஸ்மாவுவிடம் எடுத்துச் சென்றார்கள்.

இந்த ஏற்பாட்டில் பாட்டி, பேத்தி, வீட்டுக்குள் இருக்கும் தாய் ஆகிய மூன்று தலைமுறைகளும் ஒரே பாடத்தின் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். பாட்டிக்கும் சிறுமிக்கும் வெளியே போகும் கால் இருக்கிறது. தாய்க்கு அன்றாட வாழ்க்கையிலிருந்து எழும் கேள்வி இருக்கிறது. ஒருவர் இல்லாமல் மற்றவர் பாடம் முழுமையாகாது. இன்றைய கல்வியியலாளர்கள் கூட்டுக் கற்றலுக்கு அடிப்படையாகச் சொல்லும் இரண்டு நிபந்தனைகள், ஒருவரையொருவர் சார்ந்திருத்தலும் ஒவ்வொருவரும் தம் பங்குக்குப் பொறுப்பேற்றலும். இரண்டும் இங்கே இருக்கின்றன. பெண்களை வீட்டுக்குள் வைக்கும் வழக்கத்தை அஸ்மாவு நேரடியாக எதிர்க்கவில்லை. அந்த வழக்கத்தில் எங்கெங்கே வாசல் இருக்கிறது என்று பார்த்து, அந்த வாசல்கள் வழியாகப் பெண்களை நடக்க வைத்தார்.

ஜாஜியாக நியமிக்கப்படும் பெண்ணுக்கு அஸ்மாவு ‘மல்ஃபா’ என்ற பெரிய வைக்கோல் தொப்பியைக் கொடுத்தார். அதன்மேல் சுற்றிக்கொள்ள ஒரு சிவப்புத் துணி. இந்தத் தொப்பி தற்செயலாகத் தேர்ந்த பொருள் இல்லை என்று ஜீன் பாய்ட், பெவர்லி மாக் ஆகிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். கோபிர் அரசில் ‘இன்னா’ என்ற பட்டம் தாங்கிய அரசகுலப் பெண் ஒருவர் இருந்தார். ஆவிகளை அழைத்து ஆடும் ‘போரி’ வழிபாட்டின் தலைவி அவர். தொப்பி அவருடைய அதிகாரச் சின்னங்களில் ஒன்று. அந்தச் சின்னத்தை எடுத்து, சிவப்புத் துணி சுற்றி, மார்க்க ஆசிரியையின் தலையில் வைத்தார் அஸ்மாவு. சாலையில் அந்தத் தொப்பியைப் பார்த்தவர்கள் அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டார்கள்.

பாடலே பாடநூல்

கவிதை எழுதுபவள் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது அஸ்மாவு தம் பாடல்களை வடிவமைத்த விதம். அவருடைய படைப்புகளில் 60க்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. அறிஞர்களுக்கு அரபியில் எழுதினார். தம் இனத்தாருக்கு ஃபுல்ஃபுல்டேயில் எழுதினார். பொதுமக்களான பெண்களுக்கு ஹவுசாவில் எழுதினார். துவாரெக் மக்களின் தமாசெக் மொழியும் அவருக்குத் தெரியும். யாருக்குச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மொழியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு மொழியில் எழுதியதையே பிறகு இன்னொரு மொழியிலும் எழுதினார்.

ஹவுசாவையும் ஃபுல்ஃபுல்டேயையும் அவர் அரபு எழுத்திலேயே எழுதினார். அந்த எழுத்துமுறைக்கு ‘அஜமி’ என்று பெயர். அரபு அல்லாதது என்று பொருள். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் அரபு எழுத்தில் தமிழை எழுதிய ‘அறபுத்தமிழ்’ இதே வழியில் பிறந்ததுதான். திருக்குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்ற பெண்ணுக்குத் தாய்மொழியைப் படிக்கவும் அதே எழுத்து உதவியது. தமிழ் எழுத்தறியாதவர் என்று கணக்கெடுப்பில் எழுதப்பட்ட பல பெண்கள் அறபுத்தமிழில் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

அஸ்மாவுவின் ‘குர்ஆன்’ என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். திருக்குர்ஆனின் 114 சூராக்களின் பெயர்களையும் ஒரு சிறு பாடலுக்குள் அடுக்கித் தருகிறது அது. மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் பெயர்ப் பட்டியல். ஆனால் நம்முடைய நிகண்டுகளை நினைத்துப்பாருங்கள். சூத்திரத்தை மனனம் செய்துவிட்டால், அதன் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து விரித்துக்கொண்டே போகலாம். ஜாஜிக்கும் இது அப்படித்தான். ‘அன் நிஸா’ என்ற பெயர் வந்ததும் நிற்கலாம். ‘பெண்கள்’ என்று பொருள். சொத்துரிமை, மணவாழ்க்கை பற்றிப் பேச அது ஓர் இடம். ‘மர்யம்’ வந்தால் ஈசாவைப் பெற்ற தாயின் பிரசவ வலியைப் பற்றிப் பேசலாம். ‘அல் முஜாதலா’ வந்தால், தன் கணவன் செய்த அநீதியை எடுத்துச் சொல்லி வாதாடி, இறைவனிடமிருந்தே பதில் பெற்ற ஒரு பெண்ணின் கதையைச் சொல்லலாம். பாடல் ஒரு கொடிக்கயிறு. எதை அதில் காயப்போடுவது என்பதை அன்றைக்கு அந்த வீட்டில் கூடியிருக்கும் பெண்களின் கேள்வி முடிவு செய்யும்.

சூஃபிப் பெண்களைப் பற்றிய அவருடைய பாடல் 1837இல் எழுதப்பட்டது. அண்ணன் பெல்லோ எழுதிய உரைநடை நூலை அடிப்படையாகக் கொண்டது. ராபியா போன்ற பழைய ஞானியரைப் பாடிக்கொண்டே வந்து, அவர்கள் வரிசையில் தம் சமூகத்துப் பெண்களையும் சேர்க்கிறார். பாஸ்ராவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஞானியும் சொகோட்டோவில் அடுத்த தெருவில் வாழ்ந்த பெண்ணும் ஒரே பாடலில் வருகிறார்கள். பாடலைக் கற்கும் சிறுமிக்கு ஞானம் எட்டாத பொருளாகத் தெரியாது.

கையறுநிலைப் பாடல்களையும் நிறைய எழுதினார். அரசர்களுக்கும் அறிஞர்களுக்கும் மட்டும் எழுதவில்லை. அண்டைவீட்டுப் பெண்ணுக்கும் தோழிக்கும் எழுதினார். ஹவ்வா என்ற ஜாஜி இறந்தபோது 1858இல் அவருக்கும் ஒரு பாடல் எழுதினார். இந்தப் பாடல்களில் பெண்கள் எதற்காகப் போற்றப்படுகிறார்கள் என்று கவனித்தேன். பசித்தவருக்குச் சோறிட்டதற்கும், சண்டையிட்டவர்களைச் சேர்த்துவைத்ததற்கும், பெண்களைக் கூட்டி வந்ததற்கும். நம் புறநானூற்றுக் கையறுநிலை பெரும்பாலும் போரில் மாண்ட மன்னனையும் கொடை தந்த வள்ளலையும் நினைத்துக் கலங்குவது. ஓர் ஊர் ஆசிரியையின் மரணம் ஓர் இலக்கியத்தின் பாடுபொருளாவதற்கு, அந்த இலக்கியத்தை ஒரு பெண், பெண்களுக்காக எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு வடிவம் ‘தக்மீஸ்’. ஒருவர் எழுதிய ஈரடிப் பாடலை எடுத்து, ஒவ்வோர் ஈரடிக்கும் முன்னால் இன்னொருவர் மூன்றடி சேர்த்து ஐந்தடியாக்குவது. சேர்க்கும் அடிகள் மூலத்தின் இயைபோடு பொருந்த வேண்டும். தந்தையின் பாடலுக்கு அஸ்மாவு இப்படி அடிகள் சேர்த்திருக்கிறார். ஐந்தில் மூன்று பங்கு மகளுடையது. தனிமனித மேதைமையை அளவுகோலாக வைத்திருக்கும் நவீன இலக்கியப் பார்வைக்கு இது ‘சொந்தப் படைப்பு’ இல்லை என்று தோன்றலாம். அந்தச் சமூகத்தில் கவிதையே ஒரு கூட்டு உழைப்பு. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புவதுதான் மரியாதை.

பிடிபட்ட பெண்கள்

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு புகழ்ச்சிக் கட்டுரையாக முடிந்துவிடும். முதுகலை வகுப்பில் பெண்ணெழுத்து பற்றிய தாளை நடத்தும்போது, அஸ்மாவுவின் பாடல்களை ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து மாணவியரிடம் பிரித்துக் கொடுத்தேன். ஒரு குழுவுக்கு ‘குர்ஆன்’ பாடல், ஒரு குழுவுக்குச் சூஃபிப் பெண்கள், ஒரு குழுவுக்குக் கையறுநிலை, இன்னொரு குழுவுக்குப் போர்ப் பாடல்கள். பிறகு குழுக்களைக் கலைத்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வருமாறு புதிய குழுக்களை அமைத்தேன். சூஃபிப் பாடலைப் படித்தவள் பெருமையோடு விளக்கிக்கொண்டிருக்க, போர்ப் பாடலைப் படித்த பெண் குறுக்கிட்டாள். “மேம், ஜெயிச்சவங்க பாட்டுதானே இது? தோத்துப்போன ஊர்லேர்ந்து புடிச்சிட்டு வந்த பொண்ணுங்க பேரு எங்கயாவது இருக்கா?”

அவள் கேட்டது சரியான கேள்வி. சொகோட்டோ கிலாஃபத் 19ஆம் நூற்றாண்டில் அடிமைகளை மிகப் பெரிய அளவில் வைத்திருந்த அரசுகளில் ஒன்று. போரில் பிடிபட்ட ஆண்களும் பெண்களும் வயல்களிலும் வீடுகளிலும் உழைத்தார்கள். பெண்கள் பலர் வைப்பாட்டிகளாக்கப்பட்டார்கள். அரசகுடும்பத்துப் பெண் பாடம் நடத்தவும் எழுதவும் நேரம் கிடைத்தது என்றால், அந்த வீட்டின் தண்ணீரை யாரோ சுமந்தார்கள், தானியத்தை யாரோ இடித்தார்கள் என்றே பொருள். அஸ்மாவு வெற்றிப் பாடல்களும் எழுதினார். எதிரிகள் வீழ்ந்ததைக் கொண்டாடினார்.

தொப்பியையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ‘இன்னா’வின் தொப்பி ஜாஜியின் தலைக்கு வந்தது என்றால், போரி வழிபாட்டில் பெண்களுக்கு இருந்த அதிகாரம் தோற்கடிக்கப்பட்டது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆவி இறங்கி ஆடியவள், குறி சொன்னவள், நோய் தீர்த்தவள் எல்லாரும் ‘அறியாதவர்’ ஆனார்கள். யன் தாரு ஒரு கல்வி இயக்கம். அதே நேரத்தில், தோற்ற மக்களின் பெண்களை வென்ற அரசின் நெறிக்குள் கொண்டுவந்த இயக்கமும்கூட. கணவனுக்குக் கீழ்ப்படிதல் அந்த நெறியின் பகுதி. கல்வி தேடி வெளியே போகும் பெண்ணைக் கணவன் தடுக்கக் கூடாது என்பதும் அந்த நெறியின் பகுதி. இரண்டையும் ஒரே பெண் கற்பித்தார்.

பெண்ணிய வரலாறு எழுதும்போது நமக்கு ஓர் ஆசை வருகிறது. கடந்த காலத்தில் நம்மைப் போலவே ஒருத்தி இருந்தாள் என்று காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. அஸ்மாவு நம்மைப் போன்றவர் இல்லை. அவரை அடிமைமுறைக்கு எதிரானவராகவோ ஆணாதிக்கத்தை உடைத்தவராகவோ காட்ட அவருடைய பிரதிகள் இடம் தராது. ஆனால் அவர் கட்டிய அமைப்பு, அவர் நினைத்ததைவிட அதிகமாகச் செய்தது என்று சொல்ல இடமிருக்கிறது. கற்பிக்கத் தெரிந்த பெண்களின் வலை ஒன்று ஊர்களுக்கிடையே பின்னப்பட்டது. பெண்ணின் நடைக்கு, பாட்டுக்கு, கேள்விக்குச் சாலையில் இடம் கிடைத்தது. அஸ்மாவு இறந்த பிறகு தங்கை மர்யம் பொறுப்பேற்றார். 1903இல் பிரிட்டிஷ் படை சொகோட்டோவைப் பிடித்தது. அரசு போயிற்று. யன் தாரு பெண்கள் பாடிக்கொண்டு நடப்பது நிற்கவில்லை. அந்தப் பெயரில் கூடிக் கற்கும் முஸ்லிம் பெண்களின் குழுக்கள் இன்று நைஜீரியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன.

யார் சொன்னால் முறையாகிறது?

மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தை உலகம் எப்படிக் கற்றது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள். சட்டாம்பிள்ளை மற்றவர்களுக்குப் பாடம் சொன்னான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த வழக்கத்தைக் கையாண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது. கல்வி வரலாற்றில் பெல்லின் பெயர் இருக்கிறது. அவர் பார்த்த திண்ணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பெயர் இல்லை. அந்தத் திண்ணையில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் உட்காரவே இல்லை.

சட்டாம்பிள்ளைக்கும் ஜாஜிக்கும் வேறுபாடு உண்டு. சட்டாம்பிள்ளை ஆசிரியரின் பிரம்பைத் தற்காலிகமாக ஏந்தியவன். வாங்கும் அடியைக் கீழே கடத்துபவன். ஜாஜி தம் ஊர்ப் பெண்களின் கேள்வியை மேலே கொண்டுபோகிறவர். ஆசிரியரின் வேலைப்பளுவைக் குறைக்கப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது ஒன்று. கற்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கும்படி கற்றலை அமைப்பது இன்னொன்று. இன்று கல்லூரிகளில் ‘குழுச் செயல்பாடு’ என்ற பெயரில் நடப்பது பல நேரம் இரண்டும் இல்லை. நன்றாகப் படிக்கும் ஒரு பெண் எல்லாவற்றையும் எழுதுகிறாள், மற்ற மூவரின் பெயர்கள் அட்டையில் இருக்கின்றன. அந்த மூவருக்கும் சுமக்க ஏதும் தரப்படவில்லை. அவர்கள் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டிய வீடும் இல்லை. ஜாஜியோடு நடந்த சிறுமிக்கு அது இருந்தது. அவள் மறந்துவிட்டால் தன் தாய்க்குப் பாடம் போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியும்.

அஸ்மாவுவின் கையெழுத்துப் படிகள் சொகோட்டோவில் அவருடைய வழித்தோன்றல்களிடம் பாதுகாக்கப்பட்டு வந்தன. கல்விப் பணிக்காக நைஜீரியா சென்ற ஜீன் பாய்ட், சொகோட்டோவின் வஜீரான ஜுனைதுவின் உதவியோடு அவற்றைப் படித்துத் தொகுக்கப் பல ஆண்டுகள் செலவிட்டார். பாய்டும் பெவர்லி மாக்கும் சேர்ந்து முழுத் தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1997இல். பெல்லோவின் பெயரை ஐரோப்பியப் பயணிகள் 1820களிலேயே எழுதிவிட்டார்கள். தங்கையின் எழுத்து அந்த உலகத்துக்கு வந்து சேர 170 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

2014இல் அதே நைஜீரியாவின் வடகிழக்கே சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவியர் கடத்தப்பட்டபோது, மார்க்கத்தின் பெயரால் பெண்ணின் படிப்பைத் தடுப்பவர்கள் பேசினார்கள். அந்த மார்க்கத்தில் பெண்ணுக்குப் படிப்பே இல்லை என்று நம்புகிறவர்களும் பேசினார்கள். இரண்டு தரப்புக்கும் அஸ்மாவு தேவைப்படவில்லை. அவரைத் தெரிந்துவைத்திருந்த பெண்களுக்கோ அவர் ஒரு வலுவான வாதம். பெண் படிப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று சொல்பவரிடம், மார்க்கத்தின் பெயரால் அரசமைத்தவரின் மகளே ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டினார் என்று சொல்ல முடிந்தது.

தமிழ் முஸ்லிம் பெண்களின் வரலாற்றையும் இந்தக் கோணத்தில் மீண்டும் வாசிக்க வேண்டும். ‘பெண்புத்தி மாலை’ போன்ற நூல்கள் பெண் எப்படி நடக்க வேண்டும் என்று சொன்னவை. அவற்றுக்கு அப்பால், தென்காசி றசூல் பீவி, கீழக்கரை சையித் ஆசியா உம்மா போன்ற பெண்கள் மெய்ஞ்ஞானப் பாடல்களைப் பாடினார்கள். நம் இலக்கிய வரலாறு அவர்களைத் தனித்தனிப் பெயர்களாகப் பட்டியலிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பாடல்கள் எந்த வீட்டின் எந்த அறையில் பாடப்பட்டன, யார் மனனம் செய்தார்கள், எந்தச் சிறுமி அதைத் தன் தாய்க்குக் கொண்டுபோனாள் என்று அது கேட்பதில்லை. தெருவில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஓதிக்கொடுத்த பெண்ணும், தாம் ஓதி முடித்ததும் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்த பெண்பிள்ளையும் எந்தக் கல்வி வரலாற்றிலும் ஆசிரியராக எண்ணப்படவில்லை. அவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவியர் ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போகலாம். தனியாகப் போக வேண்டாம், நான்கு பேராகச் சேர்ந்து போங்கள்.